கிரிகரி கட்டிய மூன்று வெள்ளி

மலேசியாவின் கிள்ளான் ரயில் நிலையத்தில் டிக்கெட் வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு கிரிகரியின் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். கம்பிக்குக் கீழே இருக்கும் துவாரத்தின் வழியாக டிக்கெட்டும் மீதிக் காசும் ஒன்றாகவே வெளியே வரும். சில்லறை இல்லை, அப்புறம் வாங்கிக்கொள் என்ற பேச்சே அவரிடம் கிடையாது.

"அட்டையில என்ன போட்டிருக்கோ அதான் விலை. அதுக்கு மேல அஞ்சு காசு வாங்கினாலும் அது திருட்டு" என்பார். நல்ல கொள்கைதான். ஆனால் யாரும் கேட்காமலேயே இதைச் சொல்லிக்கொண்டிருப்பார். கல்யாண வீட்டில் சொல்வார், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொல்வார், பாசாரில் மீன்காரனிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு அவர் மனைவி சூசனுக்கு அது ஜெபம் போல மனப்பாடமாகிவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு வரிசை வீடுகள். அதில் ஒன்றில்தான் கிரிகரியும் சூசனும் மகள் உர்சுலாவும் இருந்தார்கள். பக்கத்து வீடு சபாபதியுடையது. ரயில்வேயில் சிக்னல் வேலை, யூனியனிலும் ஆள். நெற்றியில் திருநீறும் வாயில் சட்டமும் இல்லாமல் வெளியே வரமாட்டார். காலையில் கிரிகரி தேத்தண்ணி குடிப்பது பெரும்பாலும் சபாபதி வீட்டில்தான். தன் வீட்டில் சூசன் சீனியைக் குறைத்துவிட்டாள் என்பது காரணம்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. மெட்ராஸிலிருந்து சினிமாப் பாட்டுக் குழு வந்தால் ஆளுக்கு ஆள் போய் டிக்கெட் வாங்கமாட்டார்கள். எல்லா வீட்டுக்கும் கிரிகரிதான் வாங்கி வருவார். டிக்கெட் வேலை பார்ப்பவர் டிக்கெட் வாங்குவதுதானே முறை! சம்பந்தி சண்டையில் இருப்பவர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரக்கூடாது, இராஜம்மா அக்காவுக்கு வழியோரத்து சீட் வேண்டும், சபாபதிக்கு முன்னால் உயரமான ஆள் இருக்கக்கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மொத்த வரிசையும் ஸ்டேடியத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைக் கடித்துக்கொண்டு பாட்டுக் கேட்கும்.

டிக்கெட் விற்றது முத்துக்கருப்பனின் கேசட் கடை. அவன் தாத்தா காலத்தில் அது வட்டிக்கடை. பேரன் காலத்தில் பாட்டுக் கடையாகிவிட்டது. ஒரு வருஷம் இருபது வெள்ளி, அதாவது இருபது ரிங்கிட், டிக்கெட்டுக்கு அவன் இருபத்தோரு வெள்ளி கேட்டான். அந்த ஒரு வெள்ளி எதற்கு என்று ஒரு மனிதரும் கேட்கவில்லை. மொய் எழுதினால் ஐம்பத்தொன்று, நூற்றொன்று என்று எழுதித்தானே நமக்குப் பழக்கம்! முழுசாகக் கொடுக்கக்கூடாது, ஒன்று சேர்த்துக் கொடுத்தால்தான் மங்களம் என்று எல்லோரும் சந்தோஷமாகவே கொடுத்துவிட்டார்கள். கிரிகரியும்தான். "நல்ல கணக்கு" என்று பாராட்டிவிட்டு வேறு வந்தார். முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இதுதான். தமிழனின் மங்கள ஒன்றில் ஒரு வியாபாரம் இருக்கிறது என்று அன்றைக்கு முத்துக்கருப்பனுக்கும் அவனுக்கு மேலே இருந்த நிகழ்ச்சி முதலாளிக்கும் தெரிந்துபோனது.

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு பெரிய குழு வருவதாகச் செய்தி வந்தபோது உர்சுலாவுக்கு இருபது வயது. ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். கோயில் பாடற்குழுவில் அவள் பாடுவதைக் கேட்டுவிட்டு யாரோ சொல்ல, மேடையில் கோரஸ் பாட உள்ளூர்ப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேசட் கடை மாடியில் நடந்த குரல் தேர்வுக்குப் போனாள். வந்திருந்தவர்களால் மாடிப்படியே நிறைந்துவிட்டதாம். அத்தனை பேரில் அவளையும் எடுத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு ஓடி வந்தவள் செருப்பைக் கழற்றவே மறந்துவிட்டாள்.

"அப்பா, ரெண்டே வரிதான் பாடினேன். போதும்னுட்டாங்க. எந்த ஏரியா, எந்த லைன்னு கேட்டாங்க, எழுதிக்கிட்டாங்க. அவ்வளவுதான்!"

கிரிகரி அவள் தலையில் கை வைத்தார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். சின்ன வயதில் அவரும் மேடையில் பாட ஆசைப்பட்டவர் என்பதும், இரவு ஷிஃப்டும் குடும்பமுமாக அந்த ஆசை எங்கோ கரைந்துபோனது என்பதும் சூசனுக்குத் தெரியும். அவள் கதவைத் தட்டவில்லை.

மறுவாரம் வரிசைக்கு டிக்கெட் வாங்க கிரிகரி கடைக்குப் போனார். கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. டிக்கெட் ஒன்றுக்கு மூன்று வெள்ளி சர்வீஸ் சார்ஜ். போனில் சொல்லி வைத்தால் இன்னும் இரண்டு வெள்ளி. கடைக்குள் நின்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே காசை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னாப்பா முத்து, இது என்ன சர்வீஸ்?" என்று கேட்டார் கிரிகரி.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. நான் போட்டது இல்ல, மேல போட்டது. டிக்கெட் எடுத்துக் குடுக்கிறோம்லா, அந்த சர்வீஸ்தான்."

"டிக்கெட்ட எடுத்துக் குடுக்கிறதுக்குப் பேரு விக்கிறதுப்பா. நானும் காலம்பூரா கிள்ளான்ல எடுத்துத்தான் குடுக்கிறேன். குனிஞ்சு எடுத்ததுக்கு மூணு வெள்ளி, நிமிந்து குடுத்ததுக்கு ரெண்டு வெள்ளின்னு கேட்டேன்னா என்னைய உள்ள போட்ருவாங்க."

கடை சிரித்தது. பின்னால் நின்ற ஒரு அம்மாள், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!" என்றாள். அவ்வளவு போதாதா? கிரிகரிக்கு வேகம் வந்துவிட்டது. இந்த சார்ஜை எடுக்கும் வரை எங்கள் வரிசையில் ஒரு வீடும் டிக்கெட் வாங்காது என்று அறிவித்துவிட்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் நின்ற சிலரும் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அன்று மாலை சபாபதி வீட்டு வாசலில் கூட்டம். சபாபதிக்கு யூனியன் கூட்டம் போலவே ஆகிவிட்டது. "இன்னைக்கு மூணு வெள்ளி குடுத்தா நாளைக்கு டிக்கெட் விலைய விட சார்ஜு பெருசா இருக்கும். அண்ணன் சொன்னது சொன்னதுதான். யாரும் வாங்கக்கூடாது" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். செந்தூலில் இருக்கும் தன் மச்சானுக்கும், சுங்கை பூலோவில் இருக்கும் கூட்டாளிகளுக்கும் சபாபதியே போன் போட்டுச் சொன்னார்.

செய்தி பரவியது. கிள்ளான் கவுன்டரில் டிக்கெட் வாங்கியவர்கள் முதல்முறையாகக் குனிந்து கம்பிக்குள் எட்டிப் பார்த்தார்கள். "நீங்கதானா அங்கிள் அது? விடாதீங்க" என்றார்கள். கிரிகரிக்கு உச்சி குளிர்ந்தது. ஊருக்கே பூனைக்கு மணி கட்டியவர் ஆயிற்றே! அந்த நாட்களில் தலைமுடிக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

சூசனுக்கு மட்டும் நிம்மதியில்லை. "புள்ள மேடையில நிக்கப் போறா. பாடுறவங்க வீட்டுக்கும் பாஸ் கிடையாதாம். நாம எங்க நிக்கிறது, வாசல்லயா?" என்று கேட்டாள்.

"கடைசி வாரத்துல தானா எறங்கி வருவான் பாரு. காலி சீட்டுக்கா பாட்டுப் போடுவான்?"

உர்சுலா நடுவில் புகுந்து, "விடுங்கம்மா. அப்பா சொல்றதும் நியாயம்தான்" என்றாள். அவளுக்கு அப்பாவைப் பற்றிப் பெருமைதான். கோரஸ் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி கட்ட வேண்டும் என்று சொல்லியிருந்த நீலச் சேலையை வாங்கி, பிளவுஸ் தைக்கக் கொடுத்திருந்தாள். காலையில் குளிக்கும்போதும் சாயந்திரம் துணி மடிக்கும்போதும் தன் பகுதியைப் பாடிக்கொண்டே இருந்தாள். வார்த்தையே இல்லாமல் 'ஆ... ஆ...' என்று இழுக்கும் வெறும் ஆகாரம்தான் முக்கால்வாசி. அதையே எதிர்வீட்டு இராஜம்மாவும் பாத்திரம் கழுவிக்கொண்டே முனக ஆரம்பித்திருந்தாள்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் இருக்கையில் முத்துக்கருப்பன் கிள்ளானுக்கு வந்தான். ரயில் போய்விட்டிருந்ததால் நிலையம் காலி. கவுன்டர் கம்பிக்கு வெளியே நின்று கோலாலம்பூருக்கு ஒரு டிக்கெட் கேட்டான். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான்.

"என்னா முத்து, சார்ஜ எடுத்துட்டாங்களா?"

"இல்ல அண்ணே." அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க பொண்ண கோரஸ்லேருந்து எடுக்கப் போறாங்க."

கிரிகரிக்குப் புரியவில்லை. "ஏன், சரியா பாடலியா?"

"பாட்டுக்கு என்ன அண்ணே, நல்லாத்தான் பாடுது. அன்னைக்கு வந்த புள்ளைங்க முக்காவாசி நல்லாத்தான் பாடுச்சு." அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னான். "கோரஸ் பொண்ணுங்கள ஏரியா பாத்துத்தான் எடுத்தாங்க. செந்தூலுக்கு ஒண்ணு, கிள்ளானுக்கு ஒண்ணு, பந்திங் எஸ்டேட்டுக்கு ஒண்ணு. ஒரு பொண்ணு மேடையில நின்னா அந்த ஏரியாவே டிக்கெட் வாங்கிட்டு வரும்லா. பிரிக்பீல்ட்ஸுக்கு உங்க பொண்ணு. ரயில்வே லைன் மொத்தமா வாங்குற லைன்னு நான்தான் சொன்னேன். இப்ப உங்க லைன்ல ஒரு டிக்கெட்டும் போகல. முதலாளி என்னையக் கேக்குறாரு. பந்திங்ல இன்னொரு பொண்ணு இருக்காம், அவங்க ஆளுங்க பஸ்ஸே பேசி வர்றோம்றாங்களாம்."

"இது உர்சுலாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார் கிரிகரி.

"தெரியாது. ஆனா நாளைக்கு மறுநாள் வேணாம்னு சொல்லும்போது ஏன்னு கேக்கும்ல? ஒத்திகை நடத்துற முதலாளியோட ஆளு வாய் சும்மா இருக்காது அண்ணே. உங்க அப்பன் டிக்கெட் வாங்கல, நீ எதுக்குன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிருவான். அதான் நான் ஓடி வந்தேன்."

கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்திருக்கலாம். அவன் உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் வந்திருந்தான். அடுத்த ரயிலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கிரிகரி டிக்கெட் கொடுத்தார், மீதி கொடுத்தார். ஒரு சீனக் கிழவி கூப்பிட்டு, நீ காசு அதிகமாகத் தந்துவிட்டாய் என்று திருப்பிக் கொடுத்தாள். அவர் வேலைக்குச் சேர்ந்த பிறகு நடந்த முதல் தவறு அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்தபோது உர்சுலா தைத்து வந்த பிளவுஸைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஆபீஸ்ல பெரிய லாயர் கேட்டாரு. எத்தனையோ பேர் பாடினதுல உன் குரலத் தேடி எடுத்தாங்களாமே, இத்தன நாளா டைப் அடிச்சிக்கிட்டு சும்மா இருந்தியேன்னாரு. எனக்கு வெக்கமா போச்சு." சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பைக் கிரிகரியால் பார்க்க முடியவில்லை. சட்டையைக் கழற்றுவது போலத் திரும்பிக்கொண்டார்.

மேடை போனால்கூடப் போகட்டும். அவள் குரலுக்காக அவளை எடுக்கவில்லை என்று யாரோ ஒருவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வான் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. அந்த வழி சபாபதி வீட்டு வாசல் வழியாகப் போனது.

முதலில் அங்கேதான் போனார். அதற்கு நான் அவரை மெச்சுகிறேன். கோழையாக இருந்திருந்தால் கடைசியில் போயிருப்பார்.

"சபாபதி, நாளைக்கு டிக்கெட் வாங்கப் போறேன். உனக்கும் சேர்த்து வாங்கவா?"

"சார்ஜ எடுத்துட்டானா?"

"இல்ல. அத குடுத்துத்தான்."

சபாபதி வாயிலிருந்த பல்குச்சியை எடுத்தார். "என்ன அண்ணே, வெளையாடுறீங்களா? செந்தூல்ல என் மச்சான் ஊரக் கூட்டி வச்சிருக்கான். என் பேரச் சொல்லிக்கிட்டு அத்தன பேரு நிக்கிறாங்க. என்ன நடந்துச்சு சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். சபாபதியிடம் சொல்லாத விஷயம் அவரிடம் அதுவரை எதுவும் இருந்ததில்லை. ஆனால் சபாபதிக்குத் தெரிந்தால் அவர் சும்மா இருக்கமாட்டார். குரலை விட்டுவிட்டு டிக்கெட்டைப் பார்த்தா பெண்களை எடுக்கிறீர்கள் என்று கடை வாசலில் போய் நிற்பார். நியாயத்துக்காக நிற்பார், நல்ல மனசோடுதான் நிற்பார். அன்று மாலையே உர்சுலாவுக்குத் தெரிந்துவிடும்.

"ஒண்ணும் நடக்கலப்பா. பொண்ணு பாடுறா. பாக்கணும்னு ஆச வந்துருச்சு" என்றார் கிரிகரி.

"அப்ப எங்க புள்ளைங்க யாராச்சும் பாடினா நீங்க விட்டுக் குடுத்திருப்பீங்களா?"

கிரிகரி செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நீங்க போங்க அண்ணே. நான் வரல. சொன்ன சொல்லு எனக்கு ஒண்ணுதான்." சபாபதி எழுந்து உள்ளே போனார்.

மற்ற வீடுகளில் அவ்வளவு சிரமம் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எல்லோருக்கும் பாட்டுக் கேட்கும் ஆசை தொண்டை வரை நின்றுகொண்டிருந்தது. கிரிகரி விட்ட சொல்லுக்காகத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். வாங்கச் சம்மதித்தார்கள், சும்மா சம்மதிக்கவில்லை. "மூணு வெள்ளிக்கு அந்தக் குதி குதிச்சீங்களே அண்ணே, கடைசில தன் புள்ளன்னு வந்ததும் கொள்கைய மடிச்சி வச்சிட்டீங்களே!" என்றாள் இராஜம்மா. அவள் கேலிக்குத்தான் சொன்னாள். வேறு ஒரு வீட்டில் கேலி இல்லாமலேயே சொன்னார்கள். ஊருக்கு உபதேசம் என்றார்கள். கிரிகரி எல்லா வாசலிலும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் கடையில் முத்துக்கருப்பன் டிக்கெட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, "உங்க வீட்டு டிக்கெட்டுக்கு மட்டும் சார்ஜ் வேணாம் அண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

"எடுத்துக்கப்பா. வரிசைக்கு என்னவோ எனக்கும் அதான்" என்றார் கிரிகரி. கடைக்குள் இருந்த யாரோ, "அங்கிளே கட்டிட்டாரு, அப்புறம் நமக்கென்ன, கட்டுங்கடா" என்றார்கள். அத்தோடு போராட்டம் முடிந்தது. செந்தூலில் கூட்டி வைத்த ஆட்களும் கலைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டேடியத்தில் வரிசை மொத்தமும் உட்கார்ந்திருந்தது. சபாபதிக்காக எப்போதும் பார்த்து வைக்கும் இடத்தில் முன்பின் தெரியாத ஒரு பையன் உட்கார்ந்து பாதாம் கொறித்துக்கொண்டிருந்தான். மேடையின் இடது பக்கம் நீலச் சேலைகள் வந்து நின்றதும் இராஜம்மா எழுந்து, "அந்தா, நம்ம புள்ள!" என்று கத்தினாள். எல்லோரும் விசில் அடித்தார்கள். அத்தனை வாத்தியச் சத்தத்துக்கு நடுவே, அத்தனை பெண்களின் ஆகாரத்துக்கு நடுவே, உர்சுலாவின் குரல் தனியாகக் கேட்கிறதா என்று கிரிகரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். கேட்கவில்லை. கேட்டதாகவே சூசனிடம் சொன்னார். சூசன், ஆமாம் தனக்கும் கேட்டது என்றாள்.

அதன் பிறகு சபாபதி பேசவில்லை. சண்டையும் போடவில்லை. காலையில் அவர் வீட்டுத் தேத்தண்ணி நின்றுபோனது, அவ்வளவுதான். எதிரில் வந்தால் தலையை ஆட்டுவார். கிரிகரி பலமுறை வேலிவரை போய்த் திரும்பியிருக்கிறார். ஓய்வு பெற்றதும் சபாபதி சுங்கை பூலோவுக்குக் குடிபோனார். லோரியில் சாமான் ஏற்றியபோது கிரிகரி போய் ஒரு கட்டிலைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். சபாபதி தேங்க்ஸ் என்றார். இத்தனை வருஷப் பக்கத்து வீட்டுக்காரனிடம் இங்கிலீஷில் ஒரு தேங்க்ஸ்! அன்று கிரிகரி சாப்பிடவில்லை.

உர்சுலா அந்த மேடையிலிருந்து இறங்கவே இல்லை என்று சொல்லலாம். என்னைத் தேடி எடுத்தார்கள் என்ற தைரியத்தில் அடுத்தடுத்துப் போய்க் கேட்டாள். கல்யாண வீட்டு இசைக்குழுவில் பாடினாள், பிறகு வானொலியில் பாடினாள். கிள்ளானில் வாழ்க்கைப்பட்டு, கோயில் பாடற்குழுவை நடத்தவும் ஆரம்பித்தாள்.

தொண்ணூறுகளில் அவளுடைய இரண்டாவது குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எல்லோரையும் அழைத்திருந்தாள். சபாபதியும் வந்தார். குழந்தை கையில் உறையை வைத்துவிட்டு, கிரிகரியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்தில் இளசுகள் வழக்கம்போல டிக்கெட்டைப் பற்றித்தான் புலம்பினார்கள். இப்போது கடையே இல்லையாம். போனில் கூப்பிட்டு கிரெடிட் கார்டு நம்பரைச் சொல்ல வேண்டுமாம். புக்கிங் என்று ஒன்று, அனுப்பி வைக்க என்று ஒன்று, எதற்கென்றே தெரியாமல் இன்னொன்று என்று போட்டுத் தாளிக்கிறார்களாம்.

"இதுக்கெல்லாம் எங்க அப்பாவத்தான் கூப்பிடணும்" என்றாள் உர்சுலா சிரித்துக்கொண்டே. "ஒரு தடவ ஊரையே கூட்டிப் போராட்டம் பண்ணாரு. ஒரு மாசம் தாங்கல. முதல் ஆளா போய்க் கட்டிட்டு வந்தாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். கிரிகரியும் கூடவே சிரிப்பார். இன்றும் சிரித்தார்.

ஓரத்திலிருந்து சபாபதி பேசினார். "மூணு வெள்ளிக்கு எங்கள வித்துட்டாரும்மா உங்க அப்பா." சிரித்தபடிதான் சொன்னார். ஆனால் சிரிப்புக்குள் இத்தனை வருஷமும் இருந்தது.

உர்சுலாவுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். "இல்ல அங்கிள். எனக்காகத்தான் போனாரு. நான் பாடுறத பாக்காம அவரால இருக்க முடியல." பிறகு குனிந்து அவர் தோளைப் பிடித்து ஆட்டினாள். "ஆனா அதுக்காக நீங்க சபாபதி அங்கிள விட்டுட்டுப் போயிருக்க வேணாம்பா. நீங்க டிக்கெட் வாங்காட்டியும் நான் மேடையில நின்னுருப்பேன்தானே. என் குரலுக்குத்தானே எடுத்தாங்க."

சபாபதி கிரிகரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்மா," என்றார் கிரிகரி. "நீ எப்படியும் நின்னுருப்ப."